கிடை நாயின் முதல் பதினான்கு வாரங்கள்

தை மாதத்தில் அறுவடை முடிந்து வயல்கள் வெறும் தாளாகக் கிடக்கும் நாட்களில், காரைக்குடியை அடுத்த மானகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் ஆட்டுக் கிடை போடுவார்கள். பகலெல்லாம் மேய்ந்து திரும்பும் நூற்றுக்கணக்கான செம்மறிகளை இரவில் ஒரு வயலில் அடைத்து வைப்பதே கிடை. ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு எருவாகும். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். நிலத்துக்காரர் கூலியாக நெல்லோ பணமோ தருவார். மந்தையை நடத்திச் செல்லும் தலைவரைக் கீதாரி என்பார்கள். சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளின் கீதாரிகள் தஞ்சை வயல்கள் வரைக்கும் மந்தையை ஓட்டிச் செல்வதுண்டு. ஆடுகளைப் போலவே புலிக்குளம் மாடுகளையும் கிடையாக வைத்திருப்பவர்கள் இம்மாவட்டத்தில் உண்டு.

நீங்கள் இரவில் அப்படி ஒரு கிடையை நெருங்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஆடுகளைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு குரைப்பு உங்களை நிறுத்திவிடும். இருட்டிலிருந்து நாய் ஒன்று முன்னே வரும். பாய்ந்து கடிக்காது. உங்களுக்கும் மந்தைக்கும் நடுவில் நின்றுகொண்டு குரைக்கும். நீங்கள் விலகினால் அதுவும் அடங்கி, ஆடுகளின் ஓரத்தில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதன் மேல் ஓர் ஆட்டுக்குட்டி ஏறி மிதித்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

இது சாதாரணக் காட்சிதான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். நாய் என்பது ஓநாயின் வழியில் வந்த ஊன் உண்ணி. ஆட்டுக்குட்டி அதற்கு இயற்கையான இரை. அதே ஊரின் தெருநாய்கள் நாலைந்து கூடினால் இரவில் கிடையில் புகுந்து குட்டிகளைக் குதறிவிடுகின்றன. குள்ளநரிக்கும் கள்வருக்கும் அடுத்தபடியாகக் கீதாரிகள் அஞ்சுவது இந்தத் தெருநாய்களைத்தான். கிடை நாயும் தெருநாயும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்று ஆட்டைக் காக்கிறது, மற்றொன்று ஆட்டைக் கொல்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

காவல் வேலை நம் நாட்டு நாய்களுக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட கல் அது. எருமைகளின் பொருட்டு நடந்த பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவனுடன் அவன் நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டு சொல்கிறது. நாய்க்குப் பெயர் சூட்டி, அப்பெயரைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்!

என்ன சாதி நாய்?

"இது என்ன சாதி நாய்?" என்று கீதாரியைக் கேட்டுப் பாருங்கள். "நாட்டு நாய்தான்" என்பார். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் பெற்ற இனங்கள் தமிழ்நாட்டில் உண்டு. இராசபாளையம் நாயின் படத்தோடு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையே வெளியாயிற்று. கிடையில் உள்ளவை பெரும்பாலும் இந்தப் பெயர்களுக்குள் அடங்காதவை. ஒன்றில் சிப்பிப்பாறையின் நீண்ட கால் தெரியும், இன்னொன்றில் கோம்பையின் கறுத்த மூஞ்சி தெரியும், மற்றபடி எல்லாம் கலப்பு.

கலப்பு என்றால் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். நாயின் உயிரணுவில் 78 குரோமோசோம்கள் உள்ளன, அதாவது 39 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஏதேனும் ஒன்றைத் தாய் தன் குட்டிக்குத் தருகிறது. அது எந்த ஒன்று என்பது காசு சுண்டுவது போன்றது. 39 முறை காசு சுண்டினால் எத்தனை விதமான முடிவுகள் வரலாம்? 2ஐ 39 முறை பெருக்குங்கள். ஏறக்குறைய 55,000 கோடி! தந்தையின் பக்கமும் அதே கணக்கு. எனவே ஒரே ஈற்றில் பிறந்த ஆறு குட்டிகள் ஆறு விதமாக இருப்பதில் வியப்பில்லை. போதாததற்கு, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு தந்தையர் இருப்பதும் நாய்களில் நடக்கக்கூடியதே. செவலைக் குட்டிக்கும் கறுப்புக் குட்டிக்கும் தாய் மட்டுமே பொதுவாக இருக்கலாம்.

மெண்டலின் பட்டாணிச் செடிகளை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாக வந்தது, இரண்டாம் தலைமுறையில் குட்டை மீண்டும் தலைகாட்டியது. இரண்டு இன நாய்களைக் கலக்கும்போதும் முதல் தலைமுறைக் குட்டிகள் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். அவற்றைத் தமக்குள் கலந்தால் அடுத்த தலைமுறை நாலா பக்கமும் சிதறும். "போன தடவை இந்தக் கலப்பில் நல்ல குட்டி கிடைத்ததே" என்று அதே நம்பிக்கையில் அடுத்த தலைமுறையை வாங்குபவர் ஏமாறுவது இதனால்தான்.

சரி, குணம்? ஆட்டைக் காக்கும் குணம் இனத்தோடு வருவதா? 2022ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து, அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபுப் பொருளையும் படித்துப் பார்த்தார்கள். அந்நாய்களில் கலப்பு நாய்களும் ஏராளம். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான் என்பது அவர்கள் கண்ட முடிவு. இனம் என்பது பொய் என்று இதற்குப் பொருளன்று. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்பதும் பொருளன்று. ஆனால் இனத்தின் பெயரைக் கேட்டு ஒரு குட்டியின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. பெயரைக் கேட்டுப் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஓட்டும் நாயும் காக்கும் நாயும்

வெளிநாட்டுப் படங்களில் நாய் ஆடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒன்றாகத் திரட்டிப் பட்டிக்குள் செலுத்துவதைப் பார்த்திருக்கலாம். அது வேறு வேலை. வேட்டை விலங்கின் செயலில் படிகள் உண்டு: உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்கல், துரத்தல், கடித்துப் பிடித்தல், கொல்லல். ஸ்காட்லாந்து எல்லைப் புறத்தின் கோலி நாய்களில் முதல் மூன்று படிகளும் கூர்மையாக நிற்க, கடைசிப் படிகள் மங்கிப்போகும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1840களில் தாமஸ் ஹால் என்ற பண்ணையார் இங்கிலாந்திலிருந்து வந்த ஓட்டும் நாய்களை அந்நாட்டுக் காட்டு நாயான டிங்கோவோடு கலந்து, மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டும் ஒரு கலப்பினத்தை உண்டாக்கினார். இன்று 'ஆஸ்திரேலிய மாட்டு நாய்' என்று தனி இனமாகப் பெயர் பெற்றிருப்பது அந்தக் கலப்பின் வழி வந்ததே. இன்றைய பல இனங்கள் நேற்றைய கலப்புகள்தாம்.

நம் கிடையில் ஆட்டை ஓட்டுவது கீதாரியின் குரலும் கம்பும். நாய்க்கு அந்த வேலை இல்லை. ஆட்டைத் துரத்துகிற நாய் கிடைக்கே ஆகாது. ஆட்டைக் கண்டு மேலே சொன்ன படிகளில் ஒன்றுகூடத் தொடங்காமலிருக்கும் நாயே அங்கு வேண்டும். அதை எப்படி உண்டாக்குவது? குட்டி பிறந்த நாளிலிருந்து பார்ப்போம்.

வெப்பக் கணக்கு

நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாட்களில் குட்டி போடும். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, காது திறந்திராது. முதல் வாரத்தில் குளிருக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறமைகூட அதற்கு இல்லை. வளர்ந்த நாயின் உடல் வெப்பநிலை 38.5 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, பிறந்த குட்டியின் வெப்பநிலை 35, 36 பாகைதான்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இந்த இடத்தில் ஒரு சிறு கணக்குப் போடாமல் நகர மனம் வரவில்லை. ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 1, மேற்பரப்பு 6. பக்கம் 4 செ.மீ. ஆனால் கன அளவு 64, மேற்பரப்பு 96. உடலின் எடையும் அது உண்டாக்கும் வெப்பமும் கன அளவைச் சார்ந்தவை என்று தோராயமாகக் கொள்வோம். வெப்பம் வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியே. சிறிய கனத்தில் ஓர் அலகு எடைக்கு 6 பங்கு பரப்பு, பெரியதில் ஒன்றரைப் பங்குதான். பிறந்த குட்டி 300 கிராம், தாய் 19 கிலோ என்றால் எடை விகிதம் ஏறக்குறைய இதே 64 மடங்கு. அதாவது ஒவ்வொரு கிராம் எடைக்கும் தாயைவிட நான்கு மடங்கு பரப்பின் வழியே குட்டி தன் சூட்டை இழக்கிறது. மார்கழிப் பனியில் தாயிடமிருந்து எடுத்து வெறுந்தரையில் விட்ட குட்டி ஏன் விடியுமுன் விறைத்துப் போகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இதற்குக் குட்டிகள் கண்ட வழி என்ன தெரியுமா? ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுப்பது. எட்டுச் சிறு கனங்களைத் தனித்தனியே வைத்தால் மொத்த மேற்பரப்பு 48. அவற்றை ஒட்டி அடுக்கி 2 செ.மீ. பக்கமுள்ள ஒரே கனமாக்கினால் மேற்பரப்பு 24. வெப்ப இழப்பு பாதியாகிவிட்டது! நடுவில் கிடக்கும் குட்டி சற்று நேரத்தில் ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் நெளிந்து நெளிந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். கண் தெரியாத குட்டி சூட்டைத் தேடிச் செய்கிற வேலை இது.

வெயில் காலத்தில் கணக்கு தலைகீழாகும். சித்திரை, வைகாசியில் நம் செம்மண் பூமியில் நிழலிலேயே 39 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. காற்று உடலின் சூட்டுக்குச் சமமாகிவிட்டால் கடத்தலாலோ சலனத்தாலோ வெப்பம் வெளியேறாது. எஞ்சிய வழி நீர் ஆவியாதல் ஒன்றே. நமக்கு உடலெங்கும் வியர்வை. நாய்க்குப் பாதங்களில் மட்டுமே வியர்வைச் சுரப்பிகள் பயன்படுகின்றன. ஆகையால் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். சும்மா படுத்திருக்கும் 20 கிலோ நாய் வினாடிக்குச் சுமார் 30 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அத்தனையையும் இளைத்தே வெளியேற்றுவதானால் மணிக்கு 45 கிராம் நீர் போகும். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை கணக்கிட்டால் கால் லிட்டருக்குச் சற்றே குறைவு. இது அசையாமல் கிடக்கும் நாய்க்கு. ஓடினால் பல மடங்கு. கண்மாய் வற்றிய மாதங்களில் நாய்க்கென்று ஒரு மண் தொட்டியில் தண்ணீர் வைப்பது இந்த வகையில் தீனியைவிட முக்கியம்.

வெள்ளைக் குட்டியின் காது

இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும். அதை அடுத்துக் காதுத் துளைகள் திறக்கும். இங்கே ஒரு செய்தி. முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்க்குட்டிகளில் சில செவிடாக இருக்கும். வெள்ளை நிறத்துக்குப் பேர்போன இராசபாளையம் நாயிலும் இக்குறை காணப்படுகிறது. நிறத்துக்கும் செவிக்கும் என்ன தொடர்பு?

உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே உள்ள நீர்மத்துக்கும் சுற்றியுள்ள பகுதிக்கும் இடையே சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கிறது. ஒரு டார்ச் பாட்டரியின் அழுத்தத்தில் பத்தொன்பதில் ஒரு பங்கு! ஒலியால் அதிரும் நுண்மயிர் அணுக்களுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்துவது இந்த அழுத்தமே. இதை உண்டாக்கும் சுவரில் நிறமி அணுக்களுக்கும் பங்கு உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே வகை அணுக்கள்தாம் அவை. சில வெள்ளை நாய்களில் கரு வளரும்போது அவை உட்செவி வரை சென்று சேர்வதில்லை. மின்னழுத்தம் ஏற்படாமல், பிறந்த சில வாரங்களில் நுண்மயிர் அணுக்கள் அழிந்துபோகின்றன.

குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து மெல்லக் கைதட்டிச் சோதிக்கலாம். தரை அதிரவும் கூடாது, காற்று மேலே படவும் கூடாது. ஆனால் ஒரு காது மட்டும் செவிடான குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். ஒலி இரண்டு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே திசை அறியப்படுகிறது. காதுகளுக்கிடையே 15 செ.மீ. இடைவெளி என்றால், நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு அந்த வேறுபாடு அதிகம் போனால் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒற்றைக் காது நாய்க்குச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்பது எளிதில் தெரியாது. இருட்டில் காவல் நிற்பதற்கு அது போதாது.

திறந்து மூடும் சன்னல்

மூன்றாம் வாரம் முதல் குட்டி சுற்றுப்புறத்தைக் கவனிக்கத் தொடங்குகிறது. இதிலிருந்து பன்னிரண்டாம், பதினான்காம் வாரம் வரை உள்ள காலமே நம் கேள்விக்கு விடை தருகிறது.

அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். அதே இடத்தில் செய்யப்பட்டு 1961இல் வெளியான ஒரு சோதனை மிகவும் பேர்பெற்றது. உயரமான பலகை வேலி கட்டிய வயலில், மனிதர் முகமே காணாதபடி தாயோடு குட்டிகளை வளரவிட்டார்கள். தீனியும் நீரும் ஆள் தெரியாமல் உள்ளே போகும். சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே கொண்டுவந்து மனிதரோடு பழகவிட்டார்கள். சிலவற்றைப் பதினான்கு வாரம் வரை எடுக்கவே இல்லை. ஐந்து, ஏழாம் வார அளவில் ஒரு வாரம் பழகிய குட்டிகள் பின்னர் மனிதரிடம் இயல்பாக வந்தன. பதினான்கு வாரம் ஆளையே காணாதவை காட்டு விலங்குகள் போல நடந்துகொண்டன. அவற்றில் ஒன்றை அதன்பின் மூன்று மாதம் கொஞ்சி வளர்த்தும் அது சரிவரப் பழகவில்லை.

எரிமலைக் குழம்பு ஆறுவதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் 580 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்வரை நிலையான காந்தமாக இருப்பதில்லை. ஆறி அந்த எல்லையைக் கடக்கும்போது பூமியின் காந்தப் புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசை கல்லில் பதிந்துவிடுகிறது. பின்னர் புலம் மாறினாலும் கல் எளிதில் மாறாது. குட்டியும் அப்படித்தான், சன்னல் திறந்திருக்கும் வாரங்களில் யாரோடு இருந்ததோ அவர்களே அதற்கு உறவு.

உறவாக அமைவது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதை 1833ஆம் ஆண்டிலேயே நேரில் கண்டு எழுதியவர் சார்லஸ் டார்வின். தென் அமெரிக்காவில் இன்று உருகுவே என்று பெயர் பெற்ற நாட்டில், மைல் கணக்கான தொலைவில் வீடோ ஆளோ இல்லாத வெளியில் ஓரிரு நாய்கள் மட்டும் பெரிய செம்மறி மந்தையைக் காத்து நிற்பதைக் கண்டு அவர் வியந்தார். விசாரித்தபோது முறை தெரிந்தது. மிக இளம் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, நாளுக்கு மூன்று நான்கு முறை ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்து அதன் பாலை ஊட்டுகிறார்கள். பட்டிக்குள்ளேயே ஆட்டு மயிரால் படுக்கை அமைக்கிறார்கள். பிற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் சேரவிடுவதில்லை. அப்படி வளர்ந்த நாய்க்கு மந்தையை விட்டுப் போக மனமே வராது. தினமும் இறைச்சித் துண்டு வாங்க வீட்டுக்கு வரும்போது வீட்டு நாய்கள் அதைத் துரத்தும், அதுவும் அஞ்சி ஓடும். மந்தையை எட்டியவுடன் திரும்பி நின்று குரைக்கும், அப்போது துரத்தி வந்த நாய்கள் பின்வாங்கிவிடும்!

1970களின் பிற்பகுதியிலிருந்து ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலார் ஐரோப்பா, துருக்கி நாடுகளிலிருந்து காவல் நாய்க் குட்டிகளைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குக் கொடுத்து இதையே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார். குட்டிப் பருவத்தை ஆடுகளோடு கழிப்பதே காவல் நாய்க்கு முதல் தேவை என்பது அவர் முடிவு.

நம் கீதாரிகள் பெட்டை ஆட்டைப் பிடித்துக் குட்டிக்குப் பாலூட்டுவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கிடை நாய் கிடையின் ஓரத்திலேயே குட்டி போடுகிறது. குட்டி கண் திறக்கும்போது அதன் முன் நிற்பவை ஆட்டுக் கால்கள். மூக்கில் ஏறுவது ஆட்டு வாடை. அதன் விளையாட்டுத் தோழர்களில் பாதிப் பேர் செம்மறிக் குட்டிகள், கூடவே கீதாரியின் பிள்ளைகள். இரண்டு உறவும் ஒரே சன்னல் வழியே உள்ளே வந்துவிடுகின்றன. டார்வின் கண்ட முறையைவிட இது ஒரு படி மேலானது என்பது என் எண்ணம். மனிதரை அறியாத காவல் நாய் ஆட்டைக் காக்கும், ஆனால் காயம்பட்டால் மருந்து போடக்கூடக் கையில் அகப்படாது.

நீங்கள் குட்டி எடுப்பதானால்

உங்களில் சிலர் பள்ளி விட்டு வரும் வழியில் குட்டி ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். பெரும்பாலும் அது நான்கு அல்லது ஐந்து வாரக் குட்டியாக இருக்கும், அப்போதுதான் பார்க்க மிக அழகு. ஆனால் எட்டு வாரம் ஆகுமுன் பிரிப்பது நல்லதல்ல. உடன்பிறப்புகளோடு உருண்டு புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. அப்பாடத்தைக் கற்காத குட்டி பின்னாளில் விளையாட்டாகவே பல்லைப் பதித்துவிடும். அதற்கு ஒரு வயது ஆகும்போது பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்கள், நாய் தெருவுக்குப் போகும்.

பெட்டைக் குட்டிகளின் கதை இதைவிட மோசம். கடுவனை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பெட்டைகளைச் சாலையோரத்தில் விட்டுவிடுவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். பிழைத்தவை ஒரு வயதுக்குள் சினையாகி, ஆண்டுக்கு இரு முறைகூடக் குட்டி போடும். கிடையில் புகும் தெருநாய்க் கூட்டத்தில் அவையும் சேரும். காவலுக்குப் பெட்டை எவ்விதத்திலும் குறைந்ததன்று. கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துகொண்டால் குட்டித் தொல்லையும் இல்லை.

தாயை இழந்த குட்டிக்கு வெறும் பசும்பால் போதாது. நாய்ப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப் போல இரு மடங்குக்கு மேல், பால் சர்க்கரையோ குறைவு. தண்ணீர் கலந்த பசும்பாலைக் கொடுத்தால் வயிறு கழியும், எடை ஏறாது. ஓநாயின் வழி வந்த விலங்குக்குக் கூழ் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்கலாம். 2013இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மாப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான ஜீன் ஓநாயில் இரண்டு படிகளே இருக்க, நாயில் நாலிலிருந்து முப்பது வரை இருப்பதைக் கண்டார்கள். மனிதனின் சோற்றுப் பானைக்கு அருகில் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்ததன் விளைவு. ஆகவே கூழும் சோறும் கிடை நாய்க்கு ஒத்துக்கொள்ளும், அதோடு சிறிது புலாலோ முட்டையோ வேண்டும். நம் பக்கத்துச் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு ஏது? ஆனால் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பு விடாத சோறே நாய்க்கு நல்லது.

தடுப்பூசி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் மூலம் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு வருகின்றன. அவை இருக்கும்வரை நோயும் அண்டாது, தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. ஆறாம் வாரத்துக்கும் பதினாறாம் வாரத்துக்கும் இடையில் அவை கரைந்துவிடும், எப்போது என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மருத்துவர் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார். 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், இரத்தக் கழிச்சலால் குட்டிகளைக் கொல்வது இந்த இடைவெளியில்தான். ஊசி முடியும்வரை குட்டியைப் பூட்டி வைத்தாலோ சன்னல் மூடிவிடுகிறது! கிடையில் இதற்கு ஓரளவு விடை இருக்கிறது. சொந்த மந்தையோடும் சொந்த மனிதரோடும் குட்டி தாராளமாகப் பழகட்டும். ஊர்க் குப்பைமேடும் வெளி நாய்களும் மட்டும் வேண்டாம்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பிறகும் மருத்துவர் சொல்லும் கெடுவில் தவறாமல் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள். வெறிநாய் என்று ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் 15 வயது நிரம்பாதவர்கள், அதாவது உங்கள் வயதினர். நோய்க்குறிகள் தோன்றியபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். தோன்றுமுன் ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கலாம். 1885 ஜூலை 6இல் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போடச் செய்தபோது தொடங்கியது இந்த மருத்துவம். நம் குன்னூரில் 1907இலேயே பாஸ்டர் நிலையம் அமைந்தது. கடித்தது மூன்று மாதக் குட்டியாக இருந்தாலும், பல் பட்டது கீறல் அளவே ஆனாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சொல்லும் தேதிகளிலெல்லாம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று கடியை மறைக்காதீர்கள்.

குட்டி வாலிபமானதும்

பதினான்கு வாரத்தோடு வேலை முடிந்ததா? ஏறக்குறைய. ஐந்தாவது மாதத்திலிருந்து ஒரு வயது தாண்டும் வரை குட்டிக்கு ஒரு முரட்டுப் பருவம் வரும். ஆட்டுக்குட்டிகளை விளையாட்டாகத் துரத்தும், காதைக் கவ்வி இழுக்கும். கொல்லும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் துரத்தலே பழக்கமாகிவிட்டால் அதுவரை பட்ட பாடு வீண். அடிப்பதால் பயன் இல்லை. அடித்த ஆளுக்கு அஞ்சி, அவர் இல்லாத நேரத்தில் துரத்தும். மூத்த நாய் ஒன்று கூடவே இருந்தால் அதுவே உறுமி அடக்கிவிடும்.

மூத்த நாய் இல்லாத இடங்களுக்குப் பல நாட்டு இடையர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஓடிப்போகும் மாட்டின் கழுத்தில் நம் ஊரில் தொங்குகட்டை கட்டுகிறோமே, அதே தத்துவம். ஒரு முழத்துக்கும் குறைவான இலேசான கட்டையைக் கழுத்துப் பட்டையிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே குறுக்காகத் தொங்கும்படி கட்டுவார்கள். நாய் நடந்தால் கட்டை மெல்ல ஆடும், தொந்தரவு இல்லை. பாய்ந்து ஓடினால் கால்களின் வீச்சோடு ஊசல் பொருந்தாமல் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் தட்டும். ஓட்டத்தை நிறுத்தினால் தட்டுவதும் நின்றுவிடும். தண்டனை கொடுப்பவர் யாரும் அங்கே இல்லை, நாயின் வேகமே அதைத் தட்டுகிறது. கட்டை எதிலாவது சிக்கிக் கழுத்தை இறுக்காதபடி ஆள் பார்க்கும்போது மட்டும் கட்ட வேண்டும். நாய் ஆடுகளின் நடுவே நடை மாறாமல் போகப் பழகியதும், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், கட்டையை அவிழ்த்துவிடலாம்.